லத்தீனோ பெற்றோர் வகுப்பில் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவிலோ டெக்ஸாஸிலோ குடியேறி, எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தருவது) வேலை அனுமதி இல்லாமல் இருக்கும் நம்மவர்கள் பலர் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ தொண்டு செய்யப் போகிறார்கள். போன இடத்தில், கைக்குழந்தையும் தள்ளுவண்டியுமாக ஸ்பானிய மொழி பேசும் தாய்மார்கள் கூடும் பெற்றோர் வகுப்பில் உதவிக்கு நிற்கச் சொல்லக்கூடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழி மக்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய நான்கில் ஒருவர். ஆகவே இது ஊர் ஓரத்தில் நடக்கும் சிறு தர்ம காரியம் அல்ல.

பாடநூல் பிரமாதமாக இருந்தும் ஆள் வராமல் படுத்துவிடும் வகுப்புகள் உண்டு. பாடநூல் சுமாராக இருந்தும் நாற்காலி போதாமல் போகும் வகுப்புகளும் உண்டு. எத்தனை மணிக்கு வகுப்பு, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள், அழைத்தவர் யார் என்ற மூன்றிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. புதிதாக வருபவர்கள் பாடத்திட்டத்தைப் புரட்டுவதில்தான் ஆர்வம் காட்டுகிறார்கள். அது பிறகு.

எந்த நிகழ்ச்சி என்று கேட்டுக்கொள்ளுங்கள்

"பெற்றோர் வகுப்பு" என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறுபட்ட காரியங்கள் நடக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸில் தோன்றிய அப்ரியேண்டோ புவேர்தாஸ், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் லத்தீனோ பெற்றோருக்காக லத்தீனோக்களே உருவாக்கியது. பத்து அமர்வுகள் கொண்டது. 2014-இல் சைல்டு டிரெண்ட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம், குலுக்கல் முறையில் பெற்றோரைப் பிரித்து இதை மதிப்பிட்டது. வகுப்புக்கு வந்தவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டும் பழக்கம் உள்ளிட்ட பலவற்றில் முன்னேறியிருந்தார்கள்.

சான் அன்டோனியோவில் 1973-இல் குளோரியா ரோட்ரிகஸ் தொடங்கிய அவான்சே வேறு மாதிரி. அதன் மூல வடிவம் ஒன்பது மாதம் நீளும். வாரம் மூன்று மணி நேரம்: ஒரு மணி நேரம் துணி, அட்டை என்று கையில் கிடைப்பதை வைத்துப் பொம்மை செய்தல், ஒரு மணி நேரம் குழந்தை வளர்ச்சிப் பாடம், ஒரு மணி நேரம் ஊரில் என்னென்ன உதவிகள் கிடைக்கும் என்பது. பொம்மை செய்வதை நேரம் போக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கைகள் வேலையாக இருக்கும்போதுதான் வாய் திறக்கிறது. கணவனின் வேலை போனது முதல் குழந்தை இரவில் தூங்காதது வரை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வெளியே வரும்.

ஹிப்பி என்ற பெயரைப் பார்த்து நீள்முடிக்காரர்களைத் தேட வேண்டாம். 1969-இல் இஸ்ரேலில் தொடங்கி 1984-இல் அமெரிக்காவுக்கு வந்த வீட்டுவழித் திட்டம் அது. அதே குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தாய் வாரந்தோறும் வீட்டுக்கு வந்து, அந்த வாரப் பாடத்தைத் தாயுடன் நடித்துப் பார்த்துப் பழக்கிவிட்டுப் போவார். பிறகு அந்தத் தாய் தன் பிள்ளைக்கு நாளும் சிறிது நேரம் சொல்லிக்கொடுப்பார். இவை தவிர, ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு நிதியில் 1965 முதல் நடக்கும் ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளிகளிலும், வயல் தொழிலாளர் குடும்பங்களுக்கான அதன் தனிப் பிரிவிலும் பெற்றோர் கூட்டங்கள் உண்டு. அங்கே பெற்றோருக்கு நிர்வாகத்திலேயே வாக்கு இருக்கிறது. கொள்கைக் குழுவில் பெரும்பான்மை அவர்களுடையது.

நீங்கள் போவது இவற்றில் எது என்று தெரிந்தால், உங்கள் வேலை நாற்காலி போடுவதா, பிள்ளைகளோடு உட்காருவதா, வீடு வீடாகப் போவதா என்பதும் தெரிந்துவிடும்.

காகிதங்கள்

கைரேகைப் பதிவு, குற்றப் பின்னணிச் சோதனை, காசநோய்ப் பரிசோதனை ஆகியவை பல இடங்களில் கட்டாயம். முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம், முன்கூட்டியே தொடங்குங்கள். வேலை அனுமதி இல்லாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாப நோக்கற்ற அமைப்பில், வழக்கமாகத் தொண்டர்களே செய்துவரும் வேலையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை இலவசமாகச் செய்தாலும் சிக்கல்தான். கைச்செலவுக்கு என்று தரும் தொகையையும் பரிசு அட்டையையும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

குழந்தை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் எழுந்தால் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை உங்களுக்கு உண்டா என்பதை ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். கடமை உண்டு என்றால் அதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மனம் விட்டுப் பேசிய பிறகு தெரியவந்தால் அது துரோகமாகத்தான் படும்.

நேரம், சாப்பாடு, பிள்ளைகள்

இதில் தங்கிப் பேச வேண்டியிருக்கிறது.

கலிஃபோர்னியாவின் வாட்சன்வில், ஆக்ஸ்நார்ட் பக்கம் ஸ்ட்ராபெரித் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு வார இறுதியில்தான் வேலை அதிகம். கட்டட வேலைக்குப் போகும் தகப்பன்மார் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். காலை பத்து மணி வகுப்பு என்று அலுவலக வசதிக்காகத் தீர்மானித்துவிட்டு, "இவர்களுக்கு அக்கறை இல்லை" என்று குறைப்பட்டுக்கொள்ளும் அதிகாரிகளை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள். பதிவுப் படிவத்தில் நேரம் பற்றிய கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். உங்களால் செய்ய முடிந்த முதல் உருப்படியான காரியம் அதுவாக இருக்கலாம்.

நாள்காட்டியும் முக்கியம். மெக்சிகோ வழிக் குடும்பங்களுக்கு அன்னையர் தினம் எந்தக் கிழமையில் வந்தாலும் மே 10-தான். அன்று வகுப்பு வைத்தால் யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது. டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாள். டிசம்பர் 16 முதல் 24 வரை போசாதாஸ் என்ற கிறிஸ்துமஸுக்கு முந்தைய கொண்டாட்டங்கள். ஏப்ரல் 30 குழந்தைகள் தினம், அன்று மட்டும் வகுப்பையே விழாவாக மாற்றிவிடலாம்.

மாலை வகுப்பென்றால் சாப்பாடு இருக்க வேண்டும். வேலையிலிருந்து நேரே வருகிறவர் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டுத் திரும்பி வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பீட்சா வாங்கி அடுக்குவதைவிட, நிதி இருந்தால் அந்தக் குடியிருப்பிலேயே சமைத்துத் தருபவரிடம் வாங்குவது நல்லது. பணமும் அங்கேயே தங்கும், சாப்பாடும் வாய்க்குப் பிடிக்கும். காலை வகுப்புக்கு இனிப்பு ரொட்டியும் காபியும் போதும்.

பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு ஆலோசனைகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை வகுப்பறைக்குப் பக்கத்திலேயே, கதவு திறந்தால் குரல் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும். முன்பின் தெரியாதவரிடம் எட்டு மாதக் குழந்தையை ஒப்படைக்கத் தாய் தயங்கினால், முதல் சில வாரம் மடியிலேயே வைத்துக்கொள்ளட்டும், வற்புறுத்தாதீர்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் ஒன்பது வயது அக்காவுக்கும் செய்ய ஏதாவது வேலை கொடுங்கள். அவளை ஆயாவாக்கி உட்காரவைப்பது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

யார் அழைப்பது

துண்டுப் பிரசுரம் அச்சடித்துப் பலகையில் குத்துவதால் அதிகம் பேர் வருவதில்லை. ஏற்கெனவே வகுப்பை முடித்த ஒரு தாய் துணி துவைக்கும் கடையிலோ, தேவாலய வாசலிலோ, பள்ளி விடும் நேரத்திலோ நேரில் சொன்னால் வருகிறார்கள். புரொமொத்தோரா என்று அழைக்கப்படும் சமூக நல ஊழியர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். ஒரு புரொமொத்தோராவோடு இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். கையேட்டில் இல்லாத பலவும் தெரியவரும். வாட்ஸ்அப் குழு வேண்டும், ஆனால் முதல் அழைப்பு வாயால்தான்.

பேச்சும் பெயரும்

ஸ்பானிய மொழியில் பெரியவர்களை "உஸ்தெத்" என்று அழைக்க வேண்டும், நம் "நீங்கள்" போல. செயலியில் மொழி கற்றுக்கொண்டு வருபவர்கள் "தூ" என்று ஒருமையில் ஆரம்பித்துவிடுகிறார்கள். இருபது வயதுத் தாயானாலும், அவராகச் சொல்லும்வரை மரியாதையோடே பேசுங்கள். பலருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும், முதலாவது தந்தை வழி. "கார்சியா லோபஸ்" என்றால் கோப்பில் கார்சியாவின் கீழ் தேட வேண்டும். லோபஸின் கீழ் புதிய கோப்பு திறந்து ஒரே குழந்தைக்கு இரண்டு பதிவு உருவாக்குவது அலுவலகங்களில் சர்வ சாதாரணம்.

எல்லோருக்கும் ஸ்பானியம் தாய்மொழி என்றும் நினைக்காதீர்கள். ஆக்ஸ்நார்ட் வட்டாரத்தில் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்திலிருந்து வந்த மிஷ்டெக் மொழிக்காரர்கள் ஏராளம். அவர்களுக்காகவே 2001 முதல் ஓர் அமைப்பு இயங்குகிறது. ஓக்லண்டில் குவாத்தமாலாவின் மாம் மொழி பேசுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டுமே ஸ்பானியத்தோடு எந்த உறவும் இல்லாத பழங்குடி மொழிகள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள். ஊரில் பழங்குடி மொழிக்காக ஏளனம் பட்டவர்கள் அதைச் சட்டென்று சொல்ல மாட்டார்கள். மொழிபெயர்ப்புக்குப் பிள்ளைகளை மட்டும் பயன்படுத்தவே கூடாது. தன் தம்பியின் வளர்ச்சிக் குறைபாட்டை அம்மாவுக்குச் சொல்லும் பொறுப்பை ஒரு சிறுமியின் தலையில் கட்டுவது கொடுமை.

வகுப்புக்குள்

அப்ரியேண்டோ புவேர்தாஸ் மாதிரியான வகுப்புகளில் ஆசிரியர் மேடை கிடையாது. பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே முன்வைத்த வெகுமக்கள் கல்வி முறையை ஒட்டி, வட்டமாக உட்கார்ந்து, பெற்றோரின் அனுபவத்திலிருந்து பாடத்தை எடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு பழமொழியில் தொடங்கும். "எல் கே நோ ஆப்லா, தியோஸ் நோ லோ ஓயே": வாய் திறக்காதவனைக் கடவுளும் கேட்பதில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று வளர்ந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. பள்ளியில் பிள்ளைக்காகக் கேள்வி கேட்க வேண்டும் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. ஏனென்றால் ஆசிரியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கும் பெற்றோர் அங்கே நிறைய. பள்ளி நிர்வாகம் அதை அக்கறையின்மை என்று தப்பாகப் படிக்கிறது.

லொத்தேரியா விளையாட்டு வந்தால் கவனியுங்கள். 54 படச் சீட்டுகள், ஆளுக்கு 16 கட்டம் கொண்ட அட்டை, கட்டத்தை மூடக் காய்ந்த பீன்ஸ் விதைகள். சேவல், நிலா, ஏணி என்று அழைப்பவர் ஒவ்வொரு சீட்டையும் ஒரு வேடிக்கை வரியோடு சொல்வார். வகுப்பில் அந்தப் படங்களுக்குப் பதிலாகப் பாடத்துக்கு ஏற்ற படங்கள் இருக்கும். ஒரு மேசையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சீட்டில் தடுப்பூசி ஊசி வருகிறது. தாய் ஒருவர் விதையைக் கட்டத்தில் வைக்காமல் விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே, என் பையனுக்கு இரண்டாவது ஊசி போட்டதும் காய்ச்சல் வந்தது, மூன்றாவதுக்குக் கூட்டிப் போகவில்லை என்கிறார். ஆட்டம் நின்றுவிடுகிறது. எதிர் மேசைப் பெண், எனக்கும் அப்படித்தான், டாக்டர் இப்படிச் சொன்னார் என்று தொடங்குகிறார். இந்த இடத்தில் தொண்டர் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. கையேட்டின் அடுத்த பக்கத்துக்கு ஓட வேண்டாம். பேச்சு ஓயும்போது, தவறான தகவல் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதை மட்டும் ஒருங்கிணைப்பாளர் திருத்துவார்.

படித்துக்காட்டுதல் பற்றிய அமர்வில் இன்னொரு எச்சரிக்கை. ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்கள் பலர் இருப்பார்கள். எழுத்துக் கூட்டவே சிரமப்படுபவரிடம் கதைப் புத்தகத்தை நீட்டி, எல்லோர் முன்னாலும் படியுங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். எழுத்தே இல்லாத படப் புத்தகங்களை மேசையில் கலந்து வையுங்கள். படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பதும், குழந்தை சொன்னதோடு ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்வதும் எழுதப் படிக்கத் தெரியாதவராலும் முடியும். பாட்டியிடம் கேட்ட தாலாட்டும் விரல் விளையாட்டும் அதே கணக்கில்தான் சேரும். வீட்டில் ஆங்கிலம் பேசினால்தான் பிள்ளை தேறும் என்று யாராவது அவர்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நம் வீடுகளுக்கும் அதே மருந்துதான்.

மணிக்கட்டில் சிவப்புக் கயிறு

குழந்தையின் மணிக்கட்டில் சிவப்புக் கயிறும், அதில் பெரிய பழுப்பு விதையும் தொங்கக் காணலாம். கண்ணேறு படாமலிருக்க. விதை நம் பூனைக்காலிக் குடும்பத்ததுதான். மையும் பொட்டும் வைத்து வளர்ந்த நாம் இதைப் பார்த்துப் புருவம் உயர்த்த வேண்டியதில்லை. குழந்தை வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும் என்ற ஒன்றை மட்டும், பாதுகாப்புப் பாடம் வரும்போது பொதுவாகச் சொல்லலாம்.

ஆனால் சிலவற்றில் மரியாதை பார்த்து மௌனமாக இருக்கக் கூடாது. எம்பாச்சோ என்ற வயிற்று மந்தத்துக்குச் சிலர் கொடுக்கும் அசர்கோன் என்ற ஆரஞ்சு நிறப் பொடியும், கிரேத்தா என்ற மஞ்சள் பொடியும் ஈயச் சேர்மங்கள். மூளையைப் பாதிக்கும் நஞ்சு. மெருகிட்ட சில மண்பாத்திரங்களிலும், இறக்குமதியான சில புளி மிட்டாய்களிலும் ஈயம் கண்டறியப்பட்டதுண்டு. கொடுத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் அதட்டாமல், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் சோதனைக்கு மருத்துவரிடம் அனுப்புங்கள். நச்சுத் தகவல் மையத்தின் 1-800-222-1222 எண்ணை எல்லோர் கைபேசியிலும் பதிய வையுங்கள்.

தேனும் அப்படித்தான். 2018-இல் டெக்ஸாஸில் தேன் அடைத்த சூப்பான்களால் நான்கு கைக்குழந்தைகள் பாட்டுலிசம் என்ற முடக்கு நோயில் விழுந்தன. ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. சேனை வைக்கும் நம் குடும்பங்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

பச்சிளங்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியதை மோயேரா விழுந்துவிட்டது என்பார்கள். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கியோ அண்ணத்தை அழுத்தியோ சரிசெய்யப் பார்ப்பதுண்டு. அது உடலில் நீர் வற்றியதன் அடையாளமாக இருக்கலாம், அவசரச் சிகிச்சை தேவைப்படும். தாய் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். முதலில் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள், பிறகு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பிள்ளை இன்னும் பேசவில்லை என்றால்

இரண்டரை வயதாகியும் சொற்கள் வரவில்லை, அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஒரு தாய் காதோரம் சொல்வார். "பையன்கள் தாமதமாகத்தான் பேசுவார்கள்" என்று ஆறுதல் சொல்லி அனுப்புவது மிகப் பெரிய கெடுதல். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மத்தியச் சட்டப்படி இலவச மதிப்பீடு உண்டு. பரிந்துரை போய்ச் சேர்ந்த 45 நாட்களுக்குள் மதிப்பீடும் முதல் திட்டக் கூட்டமும் நடந்தாக வேண்டும். குடும்பத்தின் மொழியில் மதிப்பிடும்படி கேட்க உரிமை இருக்கிறது. டாக்டர் சீட்டு தேவையில்லை, பெற்றோரே தொலைபேசியில் கேட்கலாம். அழைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், பேசியவரின் பெயரையும் தேதியையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மூன்று வயதைக் கடந்துவிட்டால் பள்ளி மாவட்டத்திடம் கேட்க வேண்டும்.

பயம்

பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. அதன் பிறகு வகுப்புக்கு வருவதே துணிச்சலான காரியமாகிவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. யாரிடமும் குடியேற்ற நிலையைக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னாலும் எழுதாதீர்கள். வருகைப் பதிவேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள். படம் எடுத்து முகநூலில் போடும் ஆசையை அடக்குங்கள்.

சலுகைகள் பற்றிக் காதில் விழுந்ததைச் சொல்லாதீர்கள். தாய் சேய் ஊட்டச்சத்துத் திட்டமான விக்கில் இதுவரை குடியேற்ற நிலை பார்க்கும் வழக்கமில்லை. ஹெட் ஸ்டார்ட்டில் 2025 ஜூலையில் மத்தியச் சுகாதாரத் துறை அதைப் பார்க்கப் போவதாக அறிவித்தது, வழக்குகள் எழுந்தன, செப்டம்பரில் நீதிமன்றங்கள் தடை விதித்தன. இப்படி மாதத்துக்கு மாதம் நிலவரம் மாறுவதால், அன்றைய நிலையை ஒருங்கிணைப்பாளரிடமோ சட்ட உதவி அமைப்பிடமோ கேட்டுத்தான் சொல்ல வேண்டும். தவறான ஒரு வாக்கியம், ஒரு குடும்பத்தையே உரிமையுள்ள உதவியிலிருந்து விலக வைத்துவிடும்.

பட்டமளிப்பு

கடைசி அமர்வைச் சாதாரண நன்றியுரையோடு முடித்துவிடாதீர்கள். அவான்சே தாய்மார்களுக்கு அங்கியும் தொப்பியும் அணிவித்தே பட்டம் வழங்கியது. வாழ்க்கையில் எந்தப் பட்டமளிப்பிலும் நின்றிராத பலருக்கு அதுதான் முதல் மேடை. பெயரைச் சரியான உச்சரிப்பில், இரண்டு குடும்பப் பெயரோடும் வாசிக்க முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். குடும்பம் முழுவதும் வரும், நாற்காலிகளை இரண்டு மடங்காகப் போடுங்கள். சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால் அன்று காலையே மறுபடி அச்சடியுங்கள், பேனாவால் திருத்தாதீர்கள்.

அடுத்த சுற்றை நடத்த முன்வருபவர் யார் என்பதையும் அன்றே கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் பாதிப் பேருக்கு வேலை நேரம் மாறியிருக்கும், சிலர் அறுவடையைத் தொடர்ந்து வேறு ஊருக்கே போயிருப்பார்கள்.